நாவே சாட்சி

மனிதனுக்கு இயற்கை அளித்த கருவிகளுள் நாவைப்போல் அடிமைப்பட்டது பிறிதொன்றில்லை. தம் கண் கண்டதைப் பிறர் மறுத்தால் சினந்து வாதிடுவோர், தம் நா உணர்ந்ததைச் சொல்லும் வேளை வந்தால் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்க்கின்றனர். விலை மிகுந்த பண்டம் சுவை மிகுந்தது என்றும், அயல்மொழிப் பெயர் பூண்ட பண்டம் உயர்ந்தது என்றும், பாட்டி அம்மியில் அரைத்த துவையல் தாழ்ந்தது என்றும் கொள்வது நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. இவ்வடிமைத்தனத்தை ஆராய்வதற்கு நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். அஃது ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின். அதிலும் இனிப்பு நீங்கிய, எலுமிச்சை மணம் கமழும் வகை.

"சீர்திருத்தம் பேசும் ஏட்டில் மதுவைப் பற்றியா கட்டுரை?" என்று தோழர்கள் சிலர் புருவம் நெரிப்பர். அவர்கள் நெரிப்பது முற்றும் நியாயமே. மலாயாத் தோட்டங்களில் தமிழனின் வியர்வையை உறிஞ்சியவற்றுள் கள்ளுக்கடைக்குத் தனி இடம் உண்டு. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளை எண்ணிப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். துரைமார் எதிரே சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை கேட்டனர். அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். குடித்துக் கெடுகிறான் என்று எவனை உலகம் பழித்ததோ, அவனே அக்கடையை மூடு என்று எழுந்து நின்றான். இதனினும் பெரிய சுயமரியாதைச் செயல் யாது?

நாமும் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவரே. சம்பள நாளன்று தந்தையார் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்பதைக் கொண்டே அம்மாதம் எவ்வாறு கழியும் என்று அன்னையார் கணித்துவிடுவார். பொழுது சாய்வதற்குள் வந்தால் அரிசிக் கடன் தீரும். விளக்கேற்றிய பின் வந்தால் தீராது. அவ்வீட்டில் வளர்ந்த காரணத்தால் நாமும் நம் தங்கையாரும் மதுவைத் தொடுவதில்லை என்று இளமையிலேயே முடிவு செய்தோம். அம்முடிவு இன்றும் மாறவில்லை.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். தொழிலாளி அருந்திய கள்ளை இழிவென்றும், கிளப்பில் துரையும், அவருக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்த நம்மவரும் அருந்திய ஒயினை நாகரிகமென்றும் பேசுவது நேர்மையாகாது. இரண்டிலும் மயக்கம் தருவது ஒரே சாராயச் சத்துத்தான். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-ஆம் ஆண்டில் மதுபானங்கள் அனைத்தையும் புற்றுநோய் விளைவிப்பவை என்று உறுதியான முதல் பிரிவில் வைத்தது. மதுவில் உடல்நலத்திற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என 2023-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்தது. படிகக் கிண்ணத்தில் ஊற்றினால் விஷயம் மாறிவிடாது. எனவே இக்கட்டுரை எவரையும் குடிக்கத் தூண்டுவதன்று. நாம் பேசவந்தது வேறு.

நிற்க. நம் தங்கையாரின் மகன் சிங்கப்பூரில் ஓர் உணவு விடுதியில் பணிபுரிகிறான். விருந்தினருக்கு எந்த உணவோடு எந்த ஒயின் பொருந்தும் என்று எடுத்துரைக்கும் பணியில் உயர்வதற்காக அவன் ஒரு வகுப்பிற் சேர்ந்து படித்துவருகிறான். அவ்வகுப்பில் ஒயினை வாயிலிட்டு ஆராய்ந்து, அதன் மணமும் சுவையும் இன்னவை என்று எழுதவேண்டும். ஒரு நாள் ரீஸ்லிங் ஒயினுக்கு அவன் 'நாரத்தை' என்று எழுதினானாம். அப்படி ஒரு கனி பட்டியலில் இல்லை என்று ஆசிரியர் அதை அடித்துவிட்டார், உடனிருந்தோர் நகைத்தனர். விடுமுறையில் ஊருக்கு வந்தவன் இரண்டு புட்டிகளை மேசைமேல் வைத்தான். அவன் அன்னையாருக்கு முகம் சுருங்கிற்று. அவனோ நம்மைப் பார்த்து, "மாமா, உங்களைக் குடிக்கச் சொல்லவில்லை. என் நாக்கு பொய் சொல்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான்.

இக்கேள்விக்கு மறுமொழி கூறாது எழுந்து செல்ல நமக்கு மனமில்லை. ஒயினை ஆராய்வோர் அதை விழுங்காது உமிழ்ந்துவிடுவதே அத்தொழிலின் முறை என்றும் அவன் விளக்கினான். உமிழ்வதற்கு ஒரு குவளையை அருகில் வைத்துக்கொண்டு நாம் உடன்பட்டோம்.

ரீஸ்லிங் என்பது ஒயினின் பெயர் மட்டுமன்று. ஒரு திராட்சை இனத்தின் பெயர். அதன் தாயகம் ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரை. 1435-ஆம் ஆண்டில் ரூசல்ஸ்ஹைம் என்னும் ஊரில் ஒரு பிரபுவின் கணக்கேட்டில், இக்கொடிகளை வாங்கிய செலவு எழுதப்பட்டுள்ளது. அதுவே நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு. 1720-ஆம் ஆண்டில் யோஹானிஸ்பெர்க் மாளிகையைச் சேர்ந்த மலைச்சரிவு முழுவதும் இவ்வினமே நடப்பட்டது. மோசல் ஆற்றங்கரையிலோ, மனிதன் நிமிர்ந்து நிற்கவியலாத செங்குத்துச் சரிவுகளில் இக்கொடியை வளர்க்கின்றனர். அங்குள்ள பலகைக்கல் பகலில் வெயிலின் வெப்பத்தை ஏற்று வைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் கொடிக்கு வழங்குகிறது. எந்திரம் ஏறாத அச்சரிவில் கூடையைச் சுமந்து கனி பறிப்பவர் கூலியாட்களே. மலைத்தோட்டத்தின் அழகைப் புகழும் எவரும் அவர்களை மறத்தலாகாது.

நம் மேசைக்கு வந்த புட்டிகள் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. அஃது அடிலெய்டு நகருக்கு வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1851-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஏசுசபைத் துறவியர் அங்கே நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டனர். பகலில் வெயில் கடுமையாயினும் இரவு குளிர்ந்துவிடுவதால், கனி பழுத்தபின்னும் அதன் புளிப்பு குன்றுவதில்லை. அவ்வூர் ரீஸ்லிங் எலுமிச்சை மணத்திற்குப் பெயர்பெற்றது.

அப்பள்ளத்தாக்கினர் செய்த ஒரு சீர்திருத்தத்தையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ஒயின் புட்டியைத் தக்கையால் அடைப்பதும், விருந்தினர் முன் அதை ஓசையெழத் திறப்பதும் நெடுநாள் வழக்கம். ஆனால் தக்கையில் தோன்றும் ஒரு வேதிப்பொருள் சில புட்டிகளில் ஈரப்பூஞ்சை நாற்றத்தை ஏற்றி, உள்ளிருப்பதைக் கெடுத்துவிடுகிறது. மென்மையான மணமுடைய ரீஸ்லிங்கில் இக்கேடு உடனே வெளிப்படும். எனவே 2000-ஆம் ஆண்டு அறுவடையை அங்குள்ள உற்பத்தியாளர் பலர் ஒன்றுகூடித் திருகு மூடியிட்டு அடைத்தனர். மலிவுப் பண்டத்திற்குரிய மூடி என்று உலகம் இகழும் எனத் தெரிந்தே செய்தனர். சடங்கு பெரிதா, உள்ளிருக்கும் பொருள் பெரிதா என்ற வினாவிற்கு அவர்கள் தந்த விடை அது. நம்மவர் பலர் இன்னும் விடை கூறாத வினாவும் அதுவே.

இனி, இனிப்பு நீங்கிய ஒயின் என்பது யாது? ஆங்கிலத்தில் இதனை 'டிரை' என்பர். அச்சொல்லை 'உலர்ந்த' என்று பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும்; நீர்மப் பொருள் உலர்வது எங்ஙனம்? திராட்சைச் சாற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை உண்டு. நொதிக்கும் நுண்ணுயிர் அதைத் தின்று சாராயமாக மாற்றுகிறது. சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஒரு விழுக்காடு சாராயம் உண்டாகும் என்பது கணக்கு. ஆகவே முற்றும் நொதித்த ஒயினில் 12 விழுக்காட்டளவு சாராயம் நிற்கும். சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்த நிலையே 'டிரை'. ஐரோப்பியச் சட்டப்படி லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை எஞ்சியிருத்தல் கூடாது. புளிப்பு மிகுந்திருப்பின் 9 கிராம் வரை ஒப்புவர். இனிப்பு இருக்குமிடத்தில் பல குற்றங்கள் மறையும். இது போர்வையின்றி நிற்கும் பண்டம்; தன் புளிப்பை மறைக்க இதற்கு வழியில்லை.

மருமகன் முதற் புட்டியைத் திறந்து ஊற்றினான். இளம் ஒயின், நீர்போல் தெளிந்து, விளிம்பில் சற்றே பசுமை காட்டிற்று. கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்தோம். முதலில் எலுமிச்சை என்றே தோன்றிற்று. இரண்டாம் முறை முகர்ந்தபோது அது பிழிந்த சாற்றின் மணமன்று, தோலைக் கிள்ளும்போது விரலில் ஒட்டும் எண்ணெயின் மணம் என்று தெளிந்தது. அதன் பின்னே, சமையலறைக் கொல்லையில் நிற்கும் லீமாவ் பூருட் இலையைக் கசக்கினாற்போல் ஒரு பசிய வாசனை. நாம் எண்ணியதைச் சொல்லிக்கொண்டிருக்கையில், தட்டை எடுக்க வந்த தங்கையார் நின்றார்.

"கொடு, அண்ணே. முகர்ந்து பார்ப்பதற்கு என்ன?" என்று கிண்ணத்தை வாங்கினார். மூக்கருகே ஒரு நொடிதான் வைத்திருந்தார். "நாரத்தை இலைதான். கூடவே மல்லி. வறுக்காத மல்லியை அம்மியில் தட்டினால் வருமே, அது" என்று கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மகன் அன்னையை உற்று நோக்கினான். பிறகு தன் பாடப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினான். ரீஸ்லிங் திராட்சையின் மணப்பொருள்களுள் ஒன்று லினலூல். கொத்தமல்லி விதையின் எண்ணெயிலும் தலையாய பொருள் அதுவே. ஆரஞ்சுப் பூவின் மணத்திலும் அது உண்டு. ஆய்வுக்கூடத்துக் கருவி கூறியதை, நாற்பதாண்டு மசாலை அரைத்த ஒரு பெண்ணின் மூக்கு ஒரு நொடியில் கூறிற்று. அவர் எவ்வகுப்பிலும் சேர்ந்தவரல்லர்.

பின்னர் ஒரு மிடறு வாயில் கொண்டோம். குளிர்ச்சி அடங்கும் முன்னே புளிப்பு நாவின் இருமருங்கும் பரவி வாயில் நீரூறச் செய்தது. இனிப்பு இல்லை. நடுவே ஒரு மெல்லிய கசப்பு, ஈப்போவை அடுத்த தம்புனில் விளையும் பம்பளிமாசின் வெள்ளைத் தோலைக் கடித்தாற்போல். உமிழ்ந்த பின்னும் அச்சுவை நெடுநேரம் நின்றது. ஆனால் ஒன்று நம்மைத் தடுத்தது. மணம் எலுமிச்சையாயிருக்க, புளிப்பு எலுமிச்சையாயில்லை. எலுமிச்சையின் புளிப்பு சட்டென்று குத்தி மறையும். இது பல்லைப் பற்றிக்கொண்டு நின்றது. "இது புளியின் புளிப்பல்லவா?" என்றோம்.

நா பொய் சொல்லவில்லை. எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக் அமிலம்; திராட்சையில் அது மிகச் சிறிதே. திராட்சையின் முதன்மையான புளிப்பு டார்டாரிக் அமிலம். நம் அடுப்பங்கரைப் புளியைப் புளியாக்குவதும் அதே டார்டாரிக் அமிலந்தான். ரைன் நதிக்கரைப் பிரபு கணக்கெழுதி வாங்கிய கொடியும், நம் பாட்டிமார் உப்பிட்டுச் சாடியில் அடைத்த புளியும் புளிப்பினால் உறவினர். இதை எந்தப் பட்டியலும் நமக்குச் சொல்லவில்லை. நாள்தோறும் இரசம் உண்ட நா சொல்லிற்று.

இரண்டாம் புட்டி பத்தாண்டு முதிர்ந்தது. நிறம் பொன்னாக மாறியிருந்தது. அதை முகர்ந்த தங்கையார் இம்முறை உடனே பேசவில்லை. "லயத்து விளக்கு" என்றார் மெதுவாக. மண்ணெண்ணெய் என்று பொருள். ஒயின் வல்லுநர்கள் இம்மணத்தைப் 'பெட்ரோல்' என்றே எழுதுவர். டி.டி.என். என்று சுருக்கி வழங்கப்படும் ஒரு சேர்மம் இதற்குக் காரணம். கனியின் மஞ்சள் நிறப்பொருள்கள் சிதைவதால் தோன்றும் அது, வெயில் மிகுந்த இடங்களில் மிகுதியாகவும், புட்டியில் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுத்தும் வெளிப்படும். முதிர்ந்த ரீஸ்லிங்கில் இதைச் சிறப்பென்பாரும் உளர், குறையென்பாரும் உளர். தங்கையாருக்கோ அது சிறப்புமன்று, குறையுமன்று. அன்னையார் விளக்கேற்றி வாயிற்படியில் காத்திருந்த சம்பள நாளின் மணம் அது. அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே சென்றார். நாமும் சிறிது நேரம் பேசவில்லை.

இங்கே நேயர் ஓர் ஐயம் எழுப்பலாம். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சொற்களால் சுவையைக் கூறினால், பிறருக்கு அது விளங்குவது எப்படி? ஆசிரியர் பட்டியலை வற்புறுத்தியது தவறாகுமா? ஐயம் நியாயமானதே. சிங்கப்பூர் விடுதிக்கு வரும் வெளிநாட்டு விருந்தினருக்கு நாரத்தை என்றால் விளங்காது. படிக்கல்லும் முழக்கோலும் ஊருக்குப் பொதுவாயிருப்பதுபோல், தொழிலுக்குப் பொதுச்சொல் வேண்டும். அவற்றைக் கற்க மறுப்பது வீரமன்று, சோம்பல். மருமகனுக்கும் அதையே கூறினோம். ஆயின் பொதுச்சொல்லைக் கற்பது வேறு. சொந்தச் சொல்லைக் கண்டு நாணுவது வேறு. பட்டியலை எழுதியவரும் தம் பாட்டியின் தோட்டத்துக் கனிகளைக் கொண்டே எழுதினார். அவர் தோட்டத்தில் நாரத்தை இல்லை, அவ்வளவே. இல்லாமை அவருடைய தோட்டத்தின் குறையேயன்றி, நம் நாவின் குறையன்று.

தமிழுக்கு இப்பொருள் புதிதென்பதும் பொருந்தாது. யவனர் கப்பலில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பாண்டிய வேந்தன் அருந்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு கூறுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்று அன்றே பெயரிட்ட மொழி, அதன் மணத்தைக் கூறச் சொல்லின்றித் திகைக்குமா? சொல் உண்டு, அதைச் சொல்லும் துணிவே குறைந்தது.

மருமகன் அவ்விரவே தன் குறிப்பேட்டை இரு பத்தியாகப் பிரித்தான். ஒரு பத்தியில் தேர்வுக்குரிய சொற்கள். மறு பத்தியில் தமிழ்ச் சொற்கள். எலுமிச்சைத் தோல், நாரத்தை இலை, லீமாவ் கஸ்தூரி, பம்பளிமாசு, மல்லி, புளி, மண்ணெண்ணெய் எனப் பக்கம் நிறைந்தது. ஒவ்வொரு சொல்லையும் சமையலறை வாயிலில் நின்று அன்னையிடம் கேட்டுக் கேட்டே எழுதினான். அவர் சொல்லை மறுக்காது தந்தார். தொழிலுக்கு மட்டும் இசைவு தரவில்லை. "மூக்கு எப்போதும் உன்னுடையதாயிருக்கும். கிண்ணம் நாளைக்கு யாருடையதாகும் என்று யாரால் சொல்ல முடியும்?" என்றார். அவ்வச்சத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்க நமக்குத் துணிவில்லை. அஃது அனுபவத்தின் விலை கொடுத்துப் பெற்ற அறிவு. மகனும் அதற்கு எதிர்வாதம் செய்யவில்லை. உமிழும் குவளையின்றி எந்தக் கிண்ணத்தையும் தொடுவதில்லை என்று மட்டும் கூறினான். அச்சொல் நிற்குமா என்பதைக் காலந்தான் காட்டவேண்டும்.

தோழர்களே! மறப்பதற்காகக் குடிப்பவன் தன் நாவை முதலில் கொல்லுகிறான். சுவையை அறியும் முன்னே விழுங்கிவிடுகிறான். பெருமைக்காகக் குடிப்பவனும் அவ்வாறே. அவன் விலைச்சீட்டைச் சுவைக்கிறான். ஆராய்ந்து அறிபவனுக்கோ ஒரு கரண்டி போதும். அதற்கு ஒயினும் வேண்டுவதில்லை. ஒரு எலுமிச்சையும் ஒரு நாரத்தையும் போதும். உங்கள் பிள்ளைகளை அடுப்பங்கரைக்கு அழையுங்கள், ஆண்பிள்ளைகளையும் அழையுங்கள். கண்ணை மூடச் செய்து மல்லியையும் சீரகத்தையும் முகரக் கொடுங்கள். இது எதைப் போலிருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடை நூலில் இல்லாவிட்டாலும் நகைக்காதீர்கள். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறி, லயங்களும் கொல்லைகளும் மறைந்துவரும் இக்காலத்தில், அம்மணங்களின் பெயர்களையாவது நம் பிள்ளைகளின் நாவில் நிறுத்தி வைப்போம். தன் நாவின் தீர்ப்பைத் தானே கூறத் துணிந்த பிள்ளை, நாளை வேறு தீர்ப்புகளையும் பிறர் முகம் பாராது கூறும்.